அடுத்த ஊரடங்குக்கு முன்பே ஒரு காப்பீடு: தமிழ்நாடு அரசுக்கு ஒரு மைக்செட்காரரின் திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் நிதித் துறைக்கும் கலை பண்பாட்டுத் துறைக்கும்,

வணக்கம்.

மதுரைப் பக்கம் மைக்செட், சீரியல் லைட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது என் தொழில். அம்மன் கோயில் திருவிழா, வள்ளி திருமண நாடகம், கரகாட்டம், கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எது நடந்தாலும் எங்கள் வண்டி முதல் நாளே போய் நிற்கும்; எல்லாரும் கிளம்பிய பிறகுதான் திரும்பும். இந்த மடலில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. தொற்றுநோய்க் காலத்தில் அரசு ஆணையால் ஒரு நிகழ்ச்சி நின்றுபோனால், அதற்காக ஏற்கெனவே இறங்கிவிட்ட பணத்தை ஈடுகட்ட ஒரு காப்பீடு வேண்டும். அதற்கு அரசு பின்னால் நிற்க வேண்டும். இது நிவாரணம் கேட்கும் மனு இல்லை. பிரீமியம் கட்ட நாங்கள் தயார். அதை வாங்கிக்கொண்டு பாலிசி கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று தோன்றும். இப்போது மட்டும்தான் பேச முடியும். நோய் வந்து இறங்கிய பிறகு எந்தக் கம்பெனியும் பாலிசி எழுதாது. அந்த நேரத்தில் உங்களுக்கும் படுக்கை, ஆக்சிஜன், தடுப்பூசி என்று ஆயிரம் தலைவலி இருக்கும். மைக்செட்காரனின் கடிதத்தை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

எங்கள் வருமானம் வரும் காலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்மாவட்டங்களில் மாசியில் தொடங்கும் திருவிழாக்கள் பங்குனி, சித்திரை, வைகாசி என்று போய் ஆடி, ஆவணி வரை நீளும். வருடச் சாப்பாடு இந்தச் சில மாதங்களில்தான். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. அன்று நள்ளிரவே நாடு முழுக்க ஊரடங்கு. பங்குனி பாதி கூட ஆகவில்லை. அந்த வருடம் மீனாட்சி திருக்கல்யாணத்தையே பக்தர்கள் இல்லாமல் நடத்தி, நேரலையில் பார்க்கச் சொன்னார்கள். அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மதுரைக்கே அந்தக் கதி என்றால் ஊர்ப்புறத்து முத்தாலம்மனுக்கும் காளியம்மனுக்கும் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2021-இல் கொஞ்சம் மூச்சு வந்தது. மாசியில் தேதி எழுதும் டைரி நிறையத் தொடங்கியது. ஏப்ரல் 6-ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. அதற்கு முன் வாரக்கணக்கில் எல்லாக் கட்சிக்கும் கூட்டம் கூட்டமாக மைக் கட்டினோம். ஏப்ரல் 10 முதல் கோயில் திருவிழாக்களுக்குத் தடை. கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டும் பறையை அடித்துக்கொண்டும் கலைஞர்கள் ஆட்சியர் அலுவலகங்களில் மனுக் கொடுக்கப் போனது பத்திரிகைகளில் படத்தோடு வந்ததே, அது இந்த நேரத்தில்தான். தடை தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டாவது அலையில் எங்கள் தெருவிலேயே எத்தனை வீட்டில் அழுகுரல் கேட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊருக்கு நல்லது என்று போட்ட ஆணையின் செலவு முழுவதும் ஒரு தொழில்காரர்கள் தலையில் மட்டும் விழுந்தது. என் வழக்கு அவ்வளவுதான்.

இந்தச் செலவு எப்படி விழுகிறது என்பது அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. ஒரு ஊரில் சாமி சாட்டியதும், அதாவது திருவிழாவை ஊருக்கு அறிவித்ததும், கமிட்டி கூடி வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடும். வரி வசூலாகும் முன்பே தேதிகளைப் பிடித்தாக வேண்டும். பந்தல், சீரியல் செட், மேளம், கரகம், வாணவேடிக்கை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் போகும். நாடகம் என்றால் கதையே வேறு. எங்கள் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முடிக்க வேண்டும். மேடையில் ஏறும் வரை ஒருவரை ஒருவர் பார்க்காமல் கூட இருப்பார்கள். ஆக ஒரு ராத்திரி நாடகத்துக்கு ஏழெட்டு அட்வான்ஸ், ஏழெட்டு டைரி.

தடை வந்ததும் கமிட்டி அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும். கேட்பதும் நியாயம்தான், அது ஊர்ப் பணம். ஆனால் வாங்கியவர் கையில் அது இருக்காது. அடகுக் கடையில் கிடந்த நகையை மீட்டிருப்பார். புதுப் பட்டுச்சட்டையும் சலங்கையும் வாங்கியிருப்பார். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியிருப்பார். நான் என் பங்குக்கு ஜெனரேட்டருக்கு வேலை பார்த்து, கூலியாட்களுக்கு முன்பணம் கொடுத்து, புது எல்இடி விளக்குக்குக் கடனும் வாங்கியிருந்தேன். எழுதிக்கொண்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அடுத்த வருடம் வந்து ஆடிக் கழித்துவிடுகிறேன் என்று வாய்வார்த்தையில் முடிந்த கணக்குகள் பல. அடுத்த வருடமும் திருவிழா நடக்காமல் போனதில் உறவு முறிந்த ஊர்களும் உண்டு. இன்றைக்கும் சில ஊர்களில் என் வண்டியை உள்ளே விடமாட்டார்கள்.

கடன் விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது உண்மை. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. செப்டம்பரில் கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆள் வாசலுக்கு வந்தபோது ஜெனரேட்டரின் பேட்டரி செத்துப்போயிருந்தது. சீரியல் செட் வயரை எலி கடித்துத் துண்டு துண்டாக்கியிருந்தது. ஆம்ப்ளிஃபையரைத் திறந்தால் உள்ளே பச்சைக் களிம்பு. சும்மா கிடந்தாலும் செலவு வைக்கும் தொழில் இது.

அப்புறம் காப்பீடு. ஏஜெண்ட் ஒருவரிடம் விசாரித்தேன். தீப்பிடித்தால் உண்டு, திருட்டுப் போனால் உண்டு, பந்தல் சரிந்து யார் மேலாவது விழுந்தால் கூட உண்டு. பெரிய நிகழ்ச்சிகளுக்கு, ரத்தானால் பணம் தரும் பாலிசியே இருக்கிறது. ஆனால் தொற்றுநோய் என்றால் கிடையாது என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். கோபம் வந்தது. பிறகு யோசித்தால் கம்பெனி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. மேலூரில் மழை பெய்து ஒரு நிகழ்ச்சி நின்றால் தேனியில் நடக்கும். நூறு பேர் கட்டிய பிரீமியத்திலிருந்து நாலு பேருக்குக் கொடுத்துவிடலாம். தொற்றுநோய் வந்தால் மேலூரும் தேனியும் சென்னையும் லண்டனும் ஒரே நாளில் நின்றுபோகும். நூறு பேரும் ஒரே நாளில் கையை நீட்டினால் எந்தக் கம்பெனி தாங்கும்?

விம்பிள்டன் டென்னிஸ் போட்டியை நடத்தும் சங்கம் சார்ஸ் நோய்க்குப் பிறகு விழித்துக்கொண்டு, வருடா வருடம் பிரீமியம் கட்டித் தொற்றுநோய்க்கும் சேர்த்துப் பாலிசி வைத்திருந்தது. 2020-இல் போட்டி ரத்தானபோது பத்து கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அதிலிருந்து நமக்கான பாடத்தை அடுத்த வருடத்தில்தான் பார்க்க வேண்டும். 2021-க்கு அதே சங்கத்துக்கே அந்தப் பாலிசி கிடைக்கவில்லை. உலகத்தின் பணக்காரப் போட்டிக்கே விற்காத ஒன்றை வெள்ளரிப்பட்டிக் கமிட்டிக்கு யார் விற்பார்கள்? இங்கேதான் அரசு உள்ளே வர வேண்டியிருக்கிறது. கம்பெனியால் தாங்க முடியாததை அரசால் தாங்க முடியும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நிகழ்ச்சியை நிறுத்தும் ஆணையில் கையெழுத்துப் போடுவதே அரசுதான். எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த ஆபத்தில் ஒரு பங்கைச் சுமப்பதில் அநியாயம் எதுவும் இல்லை.

இதைச் செய்து பார்த்த நாடுகள் உண்டு. அவை செய்தது, சொதப்பியது இரண்டும் நமக்குத் தேவை.

இங்கிலாந்து அரசு 2021 ஆகஸ்டில் 75 கோடி பவுண்டு அளவுக்கு நேரடி நிகழ்ச்சிகளுக்கான மறுகாப்பீட்டுத் திட்டத்தை, அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்கே காப்பீடு தரும் திட்டத்தை, அறிவித்தது. லண்டன் லாயிட்ஸ் சந்தையின் காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசி விற்கும். இழப்பில் பெரும்பகுதிக்கு அரசு பின்னால் நிற்கும். செப்டம்பர் 22-இல் திட்டம் திறந்தது. 2022 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. நல்ல யோசனைதான். வந்த நேரத்தைப் பாருங்கள்! அந்த நாட்டின் இசைத் திருவிழாக்கள் எல்லாம் கோடையில் நடப்பவை. திட்டம் திறந்தபோது கோடையே முடிந்துவிட்டது. கிளாஸ்டன்பரி திருவிழா அந்த வருடம் ஜனவரியிலேயே இரண்டாம் முறையாகக் கைவிடப்பட்டிருந்தது. காப்பீடு இல்லாமல் களத்தில் இறங்க முடியாது என்று அமைப்பாளர்கள் மாதக்கணக்கில் கத்தினார்கள், நாடாளுமன்றக் குழுவே மே மாதம் அறிக்கை கொடுத்தது. இத்தனைக்கும் சினிமா, தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்கு இதே மாதிரி 50 கோடி பவுண்டுத் திட்டத்தை 2020 ஜூலையிலேயே அறிவித்துவிட்டார்கள். கேமராவுக்கு ஒரு நியாயம், மேடைக்கு ஒரு நியாயம். அது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

நேரம் தவிர இன்னும் இரண்டு ஓட்டைகள். பிரீமியம், காப்பீடு செய்யும் செலவில் 5 சதவீதம். அதற்கு மேல் வரி. லாபமே அந்த அளவுக்குத்தான் நிற்கும் தொழிலில் இது சுமை. மற்றொன்று, சட்டப்படி நிகழ்ச்சியையே தடைசெய்தால் மட்டும்தான் பணம். தடை இல்லை, ஆனால் இடைவெளி விட்டு உட்கார வைக்க வேண்டும் என்று ஆணை வந்து பாதி டிக்கெட் போனால் கிடையாது. பாடகருக்கே கொரோனா வந்து படுத்துவிட்டால் அதற்கும் கிடையாது. திட்டத்தில் சேர்ந்தவர்கள் குறைவாகவே இருந்ததற்கு இவைதான் காரணம் என்று தொழில்காரர்கள் சொன்னார்கள். நான் அவர்கள் பக்கம்.

ஜெர்மனி இந்த இடத்தில் கொஞ்சம் மேல். 2021-இல் 250 கோடி யூரோ ஒதுக்கி இரண்டு கதவு திறந்தார்கள். சிறிய நிகழ்ச்சிகளுக்கு, கட்டுப்பாட்டால் கூட்டம் குறைந்தால் டிக்கெட் வருமானத்துக்கு மேல் அரசு சேர்த்துக் கொடுக்கும். பெரிய நிகழ்ச்சிகள் தொற்றால் நின்றுபோனால், செலவில் 80 சதவீதம் வரை ஒரு நிகழ்ச்சிக்கு 80 லட்சம் யூரோ உச்சவரம்போடு கிடைக்கும். பாதி நடப்பதும் நஷ்டம்தான் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. நமக்கும் அது பட்டுத் தெரிந்த விஷயம். 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தபோது ஜல்லிக்கட்டை 150 பார்வையாளர்களோடு நடத்தச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு 100 பேர். வாடிவாசல் கட்டியாக வேண்டும், மைக் கட்டியாக வேண்டும், காளைக்குப் பரிசும் கொடுத்தாக வேண்டும். செலவு 150 பேருக்குத் தகுந்த மாதிரியா குறையும்? அந்த மாதம் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்க இருந்த நேரத்தில் தள்ளிப்போய் பிப்ரவரி 16-இல்தான் தொடங்கியது. தள்ளிவைப்பதற்கும் செலவு உண்டு. போட்ட ஏற்பாட்டை அவிழ்த்து மறுபடி போட்டால் இரண்டு கூலி.

நம் நாட்டுக்கு இது ஒன்றும் பழக்கமில்லாத வேலை இல்லை. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் கோபுரங்கள் விழுந்த பிறகு பயங்கரவாதச் சேதத்துக்கு மறுகாப்பீடு தர உலகச் சந்தை பின்வாங்கியது. உடனே 2002 ஏப்ரலில் இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து பொது நிதித்தொகுப்பு ஒன்றை அமைத்தன. ஜிஐசி ரீ என்ற அரசு நிறுவனம் அதை நிர்வகிக்கிறது. 2015-இல் அணுவிபத்துப் பொறுப்புக்கு 1,500 கோடி ரூபாயில் இன்னொரு தொகுப்பு. 2020-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே தொற்றுநோய்க்கும் இப்படி ஒரு தொகுப்பு சாத்தியமா என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. அறிக்கையும் வந்தது. அந்தக் கோப்பைத் தூசி தட்டி எடுக்கும்படி ஒன்றிய அரசுக்கு எழுதுங்கள். மாநிலம் செய்யக்கூடியதும் இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டை ஒரு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திக் காட்டிய அரசு இது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கடலுக்குப் போகக் கூடாது என்று ஆணை போட்டுவிட்டு, மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் தருகிறீர்கள். தொழிலை நிறுத்தச் சொல்பவர் நஷ்டத்திலும் பங்கெடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்த அரசு எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.

எப்படிச் செய்யலாம் என்பதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சேதத்தைப் பார்க்க ஆள் அனுப்பும் வேலையே வேண்டாம். பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலோ பொது சுகாதாரச் சட்டத்திலோ ஆணை வந்து, அந்த மாவட்டத்தில் அந்தத் தேதியில் நிகழ்ச்சி தடைசெய்யப்பட்டிருந்தால் அதுவே ஆதாரம். ஆணை எண், தேதி, மாவட்டம் மூன்றும் பொருந்தினால் பணம் போய்விட வேண்டும். கூட்டத்துக்கு மட்டும் வரம்பு வைத்தால் அதற்கு ஒரு விகிதம்.

நிகழ்ச்சி உண்மையிலேயே நடக்க இருந்ததா, காப்பீட்டுப் பணத்துக்காகச் சோடித்ததா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், எங்கள் தொழிலிலும் யோக்கியர்கள் மட்டுமே இல்லை. எங்களிடம் ரசீது கிடையாது, ஆனால் பதிவு உண்டு. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்காமல் நாங்கள் ஒரு கூம்புக் குழாயைக் கூடக் கட்ட முடியாது. நாடகம் என்றால் நடிகர் சங்கத்தில் தேதி எழுதியிருக்கும். பாலிசி எடுக்கும் அன்றே திருவிழாத் தேதி, செலவு, யார் யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்பதைப் பொதுச்சேவை மையத்தில் பதிந்துவிட்டால் போதும். நிகழ்ச்சிக்கு இத்தனை நாள் முன்பே எடுத்திருக்க வேண்டும் என்று ஒரு கெடு வையுங்கள். தொற்றுச் செய்தி வந்த மறுநாள் ஓடிவருபவரை அது தடுத்துவிடும்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். இங்கிலாந்துத் திட்டத்தில் பணம் அமைப்பாளருக்குப் போனது. அங்கே அமைப்பாளர் என்றால் ஒரு கம்பெனி, அதனிடம் எல்லாரோடும் எழுத்து ஒப்பந்தம். இங்கே கமிட்டிக்குப் பணம் போனால் அது ஊர்ப் பொதுவில் சேர்ந்து கோயில் கோபுரத்துக்குப் பெயிண்ட் ஆகிவிடும். கரகாட்டக்காரரின் பங்கு கரகாட்டக்காரரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் அட்டை வைத்திருப்பவருக்கு அதன் வழியாக அனுப்பலாம். அட்டை இல்லாதவர்கள் நிறைய. பந்தல்காரர், வாடகைப் பாத்திரக்காரர், என்னைப் போன்றவர்கள் கலைஞர்களே இல்லை, எந்த வாரியத்தில் எங்களைச் சேர்ப்பது என்று அதிகாரிகளுக்கே குழப்பம். பாலிசிப் பதிவையே அடையாளமாக எடுத்துக்கொண்டால் அந்தக் குழப்பமும் தீரும்.

பிரீமியத்துக்கு அளவுகோலைப் பயிர்க் காப்பீட்டிலிருந்து எடுக்கலாம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் விவசாயி கரீப் பருவத்துக்கு 2 சதவீதமும் ராபிக்கு 1.5 சதவீதமும் கட்டுகிறார், மிச்சத்தை ஒன்றிய, மாநில அரசுகள் போடுகின்றன. இரண்டு லட்ச ரூபாய்த் திருவிழாவுக்கு இங்கிலாந்துக் கணக்கில் 10,000 ரூபாய் கேட்டால் கமிட்டித் தலைவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். 2,000 அல்லது 3,000 என்றால் ஒரு பெட்டி வெடியைக் குறைத்துவிட்டுக் கட்டிவிடுவார்கள். லாபத்துக்குக் காப்பீடு வேண்டாம். செலவுக்கு மட்டும், அதிலும் 80 சதவீதம் வரை இருந்தால் போதும். மிச்சத்தை நாங்கள் தாங்கிக்கொள்கிறோம். மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டால் கஜானா எவ்வளவு தூரம் மாட்டும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

நல்ல வருடங்களில் வரும் பிரீமியத்தை என்ன செய்வது என்பதையும் இப்போதே சட்டத்தில் எழுதிவிடுங்கள். தனிக் கணக்கில் சேர்த்து வைக்க வேண்டும். பத்து வருடம் நோய் வராவிட்டால் அந்தப் பணத்தில் கை வைக்கத் தோன்றும். எந்த அரசுக்கும் தோன்றும்.

காப்பீடு இருந்தால் ஊரடங்கு போடவே அரசு தயங்குமே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காப்பீடு இல்லாதபோதுதான் ராத்திரியோடு ராத்திரியாக, போலீஸுக்குத் தெரியாமல், தெருவிளக்கை அணைத்துவிட்டுத் திருவிழா நடத்தினார்கள். சவுண்டைக் குறைத்து வைத்துக்கொள்கிறோம், வாருங்கள் அண்ணே என்று என்னையும் கூப்பிட்டார்கள். போன பணத்தில் பாதியாவது வரும் என்று தெரிந்திருந்தால் அதில் பல ஊர்கள் வீட்டிலேயே இருந்திருக்கும்.

வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன், மார்கழியில் ஒருநாள் மதுரையில் ஒரு கூட்டம் போடுங்கள். காப்பீட்டு நிறுவன அதிகாரிகள், நாடக நடிகர் சங்கம், கரகாட்டம், மேளம், பந்தல், மைக்செட் சங்கங்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். 2019-இல் இருந்து எழுதிய எங்கள் தேதி டைரிகளை எடுத்துக்கொண்டு வருகிறோம். எந்த ஊரில் எந்தத் தேதி நின்றது, எவ்வளவு பணம் மாட்டியது என்று அதில் இருக்கிறது. உங்கள் கணக்கர்கள் பிரீமியம் போட அதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. மார்கழியில் விடியற்காலை கோயிலில் பாட்டுப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் எங்களுக்கு வேலை இல்லை. காலை 9 மணிக்கு மேல் எந்த நாள் சொன்னாலும் வந்துவிடுவோம். மைக்கும் நாங்களே கொண்டு வருகிறோம், வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
மதுரை மாவட்டத்து மைக்செட்காரர் ஒருவர்